பஞ்சவர்ணம் கண்டுபிடித்த சொல்

தமிழுக்கு ஒரு புதுச் சொல்லைக் கொடுத்துவிட்டு, அதே சொல்லால் சொந்த வீட்டில் அடி வாங்கியவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. சிங்கப்பூரில், பூன் லேயில் ஒருத்தி இருக்கிறாள். பெயர் பஞ்சவர்ணம்.

பெரிய பண்டிதை என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்தைந்து வயது, சர்க்கரை கொஞ்சம், கோபம் கூடுதல். கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் கிளார்க்காக இருந்து, ஆட்குறைப்பு வந்தபோது, "போங்கடா, நீங்களும் உங்க கண்டெய்னரும்" என்று வெளியே வந்தவள். அவளுடைய பள்ளித் தோழி ஷபானா, டன்லப் தெருவில் ஒரு சேலைக் கடையின் மாடியில் இணைய வானொலி நடத்துகிறாள். பாட்டு, ராசிபலன், ரத்த அழுத்தத்துக்கு வெந்தயம், நடுவில் காலைச் செய்தி. அந்தச் செய்தியை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை பஞ்சவர்ணத்துக்குக் கிடைத்தது. இவள் எழுதித் தருவாள், ஷபானா வாசிப்பாள். உலகத் தலைவர்கள் எல்லாரும் தன் தயவில்தான் தமிழ் பேசுகிறார்கள் என்று அவளுக்குள்ளே ஒரு கர்வம். "நேத்து அந்தாளு உளறினதை நான்தான் ஒழுங்கா பேச வச்சேன்" என்பாள்.

அப்படி ஒரு நாள் காலையில் போர் வந்தது. எந்த இரண்டு நாடுகள் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் நீங்களும் ஒரு பக்கம் போய் உட்கார்ந்துகொள்வீர்கள், அப்புறம் கதையை யார் கேட்பது? ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் விடியும் முன்னே குண்டு போட்டது. ஏனய்யா போட்டாய் என்றால், அவன் என் மேல் போடப்போகிறான் என்று தகவல் வந்தது, அதனால் நான் முதலில் போட்டேன் என்றது. இவ்வளவுதான் சங்கதி. இதற்கு ஆங்கிலத்தில் கோட்டு சூட்டுப் போட்ட ஒரு பெயர் இருந்தது. பஞ்சவர்ணம் அதற்கு 'முன்தடுப்புத் தாக்குதல்' என்று எழுதிக் கொடுத்தாள்.

ஷபானா ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள். "என்னடி இது, தடுப்பூசி போடற மாதிரி இருக்கு?"

"முன்கூட்டிய தாக்குதல்னு வச்சுக்க."

"கூட்டு, பொரியலா? ஒரு மூச்சுல வர மாதிரி சின்னதா குடுடி. பாட்டு முடியப்போகுது!"

பஞ்சவர்ணத்துக்கு ரோஷம் வந்தது. திருப்பி அடித்தால் பதிலடி என்கிறோமே, முந்திக்கொண்டு அடித்தால் என்ன? பேனாவை எடுத்துப் பழையதை அடித்தாள், எழுதினாள்: முந்தடி. ஷபானா கண்ணடித்துவிட்டு மைக்கைத் திறந்தாள். அந்த வெண்கலக் குரலில் சொல் ஜம்மென்று வந்து விழுந்தது.

ஒரே வாரத்தில் தேக்கா வட்டாரம் முழுக்க முந்தடிதான். ரயிலில் ஓடிப்போய் இடம் பிடித்தால் முந்தடி. சாப்பாட்டுக் கடையில் டிஷ்யூ பாக்கெட்டை மேசையில் எறிந்து இடம் போட்டால் முந்தடி. கடைசி உளுந்து வடையை எடுத்தவன் முந்தடி வீரன். தான் பெற்ற பிள்ளை நாலு பேர் வாயில் விளையாடுவதைப் பார்த்துப் பஞ்சவர்ணம் பூரித்துப் போனாள். நியாயம்தானே, யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அந்தச் சொல்லைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய முதல் ஆள் அவள் புருஷன் ரத்னவேல்.

ரத்னவேல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் பூன் லேயிலிருந்து ரயிலேறி தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைக்குப் போய், அவருடைய கூட்டாளிகளோடு கோப்பி குடித்தால்தான் அவருக்கு விடிந்த மாதிரி. கூட்டாளிகளில் முக்கியமானவர் உட்லண்ட்ஸில் இருக்கும் ஜேசுதாசன். யாழ்ப்பாணத்து வம்சம், அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், மனைவியை இழந்தவர். தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பயிற்சியில் இரண்டு பேரும் ஒரே முகாம். ரத்னவேல் சமையற்கட்டில் கோழி வெட்டினார், ஜேசுதாசன் கிடங்கில் பூட்ஸ் கொடுத்தார். இரண்டு பேருக்கும் தெரிந்த யுத்தம் அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்தப் போர் நடந்தாலும் ஜெனரல் மாதிரி பேசுவார்கள்.

இந்தப் போர் வந்ததும் மேசை இரண்டாக உடைந்தது. முதலில் அடித்தவன் செய்தது சரி என்றவர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். தப்பு என்றவர்கள் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள். ரத்னவேல் ஃபேன் கட்சி. ஜேசுதாசன் பேசின் கட்சி.

"அடிக்க வரான்னு தெரிஞ்சா சும்மா கைய கட்டிக்கிட்டு நிப்பியாடா?" என்பார் ரத்னவேல்.

"வரான்னு யாருடா சொன்னது? ஆதாரம் எங்க?" என்பார் ஜேசுதாசன்.

"ஆதாரம் வர்ற வரைக்கும் காத்திருந்தா தலை இருக்காதுடா!"

"உனக்கு இப்பவும் அது இல்லையே!"

ஃபேன் கட்சிக்கு உளவுத்துறை ஒன்று இருந்தது. பெயர் வெங்கடேஷ். தமிழ்நாட்டிலிருந்து ஐடி வேலைக்கு வந்து, வீட்டிலிருந்தே வேலை என்ற பெயரில் கடையில் உட்கார்ந்திருக்கிற ஆள். ஒரு நாள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு குதித்தான். "அண்ணே, மாட்டினாங்க! இந்த ஊர் செய்தியிலயே ஒத்துக்கறாங்க பாருங்க. 'தற்காப்பு அமைச்சர் அறிவித்தார்'னு சொல்றாங்க. அப்போ இது தற்காப்புதானே? சண்டைக்குப் போகலையே!"

ஜேசுதாசன் தலையில் கை வைத்துக்கொண்டார். "தம்பி, உங்க ஊர்ல பாதுகாப்பு அமைச்சர்னு சொல்றதைத்தான் சிங்கப்பூர்ல தற்காப்பு அமைச்சர்னு சொல்றோம். எல்லா நாட்டு ஆளுக்கும் அதே பேருதான் லா."

இது ரத்னவேலுக்குத் தெரியாதா? பிறந்து வளர்ந்தது இங்கே, தேசிய சேவைக் கடிதத்திலேயே பார்த்த சொல். தெரிந்தும் மனுஷன் வாயைத் திறக்கவில்லை. கட்சிக்குச் சாதகமான தப்பை எதற்குத் திருத்துவது என்று மேசையைத் தட்டி, "தம்பி சொல்றது பாயிண்ட்!" என்றார். அன்று ராத்திரி பெண்டாட்டியிடம் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். பஞ்சவர்ணமும் சேர்ந்து சிரித்தாள், பாவம்.

ஆம்பளைகள் வெட்டிப் பேச்சு பேசுகிறார்கள், பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விட முடியாதபடி நடுவில் ஒரு கல்யாணம் இருந்தது. ரத்னவேல், பஞ்சவர்ணத்தின் ஒரே மகள் நிரஞ்சனாவும் ஜேசுதாசனின் ஒரே மகன் ஜெய்யும் பாலிடெக்னிக்கில் படித்த காலத்திலிருந்து பழகியவர்கள். காலையில் கோவிலில் தாலி, மாலையில் தேவாலயத்தில் ஆசீர்வாதம், ராத்திரி மண்டபத்தில் விருந்து என்று இரண்டு வீடும் கூடிப் பேசி முடித்தாகிவிட்டது. ஈப்போ சித்தப்பாவிலிருந்து சைனாடவுன் அத்தை வரைக்கும் எல்லாரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் கல்யாணக் குரூப் ஒன்று வேறு. நிரஞ்சனா பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள், நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்ப்பதாலோ என்னவோ அதிகம் பேச மாட்டாள். அந்தப் பெண் சேலைக் கடையில் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே சிரித்ததைப் பஞ்சவர்ணம் பார்த்திருக்கிறாள். எப்பாடு பட்டாவது இது நல்லபடியாக நடந்துவிட வேண்டும் என்று அன்றைக்கு வீரமாகாளியம்மனிடம் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை ரத்னவேல் வழக்கத்துக்கு முன்னாலேயே வீடு திரும்பினார். கிரிக்கெட்டில் ஜெயித்துவிட்டு வந்தவர் மாதிரி நடை.

"வெங்கடேஷ் காதால கேட்டிருக்கான்" என்றார். "ஜேசுதாசன் போன்ல யார்கிட்டயோ பேசறான். 'வேண்டாம், நிறுத்திடலாம், ரத்னவேலுக்கு இது ஒத்துவராது, நான் யோசிச்சு எடுத்த முடிவு'ன்னு. கல்யாணத்தை நிறுத்தப்போறான்! நாலு பேர் முன்னாடி நம்மளைக் கேவலப்படுத்தப்போறான்! விடுவேனா?"

பஞ்சவர்ணம் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "என்ன செஞ்சீங்க?"

"முந்தடி குடுத்துட்டேன்."

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கைப்பேசியை நீட்டினார். கல்யாணக் குரூப்பில் அவருடைய குரல் பதிவு. "வணக்கம். ரத்னவேல் பேசறேன். இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். காரணம் சம்பந்தப்பட்டவங்களுக்குத் தெரியும். நன்றி." பின்னணியில் யாரோ "ரெண்டு முட்டை பரோட்டா!" என்று கூவியதும் பதிவாகியிருந்தது.

பஞ்சவர்ணம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அட கடவுளே, அந்தச் சொல்லை யோசித்த நேரத்தில் வெந்தயக் குறிப்பு ஏதாவது எழுதித் தொலைத்திருக்கலாமே!

நிரஞ்சனா கிளினிக்கிலிருந்து வந்தாள். அழுவாள், கத்துவாள் என்று பஞ்சவர்ணம் காத்திருந்தாள். அவள் பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, அங்கிள் வேண்டாம்னு சொன்னாரா?"

"சொல்லப்போறாரும்மா."

"சொன்னாரா?"

"சொல்லப்போறாரும்மா, தகவல் வந்துச்சு."

"அப்போ சொல்லல."

"அவன் சொல்றதுக்குள்ள..."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமில்லாமல்தான் சாத்தினாள். அதுதான் பஞ்சவர்ணத்துக்குத் தாங்கவில்லை. 'சொன்னார்' வேறு, 'சொல்லப்போறார்' வேறு. இந்த இலக்கணம் தெரியாமல் இத்தனை நாள் செய்தி எழுதினாளா என்ன? எழுதித்தான் இருக்கிறாள். அந்த நாட்டுக்காரன் வாயில் வந்த 'போறான்' எல்லாவற்றையும் அவளே அழகாகக் கோத்துக் கொடுத்திருக்கிறாள்.

குரூப்பில் சொந்தக்காரர்கள் கட்சி கட்டிவிட்டார்கள். ஈப்போ சித்தப்பா, "மானம் பெரிது, தம்பி செய்தது சரி" என்றார். ஜேசுதாசன் பக்கத்தில் ஒருவர், "இது சர்வாதிகாரம்" என்றார். சைனாடவுன் அத்தை நடுநிலை என்று சொல்லிக்கொண்டு இரண்டு பக்கமும் பூங்கொத்துப் படம் அனுப்பினாள். யார் முதலில் ஆரம்பித்தது என்று பழைய மெசேஜ்களை எல்லாம் தோண்டி எடுத்துப் போட்டார்கள். பிறந்தநாள் வாழ்த்தைத் தாமதமாகச் சொன்னதுகூட ஆதாரமாகிவிட்டது. ஜேசுதாசன் மட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஜெய்யோ நிரஞ்சனாவுக்குப் போன் செய்துகொண்டே இருந்தான். அவள் ஒரு தடவை எடுத்து, "எங்கப்பா உங்கப்பாவை அசிங்கப்படுத்திட்டாரு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்கூடப் பேசறது?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் ரத்னவேல் உளவுத்துறையைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு விசாரித்தார். பஞ்சவர்ணம் பிடிவாதமாகப் பக்கத்திலேயே நின்றாள்.

"நீ சரியா என்னடா கேட்ட?"

"அண்ணே, சுத்தி ஒரே இரைச்சல். ஆனா 'நிறுத்திடலாம்'னது நல்லா கேட்டுச்சு."

"எதை நிறுத்தறதுன்னு கேட்டியா?"

வெங்கடேஷ் மென்று விழுங்கினான். "அது கேக்கலண்ணே. நான் காதுல விழுந்ததைச் சொன்னேன். முடிவெடுத்தது நீங்கதானே?"

"நல்லா இருக்குடா உன் தகவல்!" என்று பஞ்சவர்ணம் போனைப் பிடுங்கி வைத்தாள்.

இத்தோடு மனுஷன் இறங்கி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. சாயங்காலத்துக்குள் காரணத்தை மாற்றிவிட்டார். "அவன் நிறுத்தறதா சொன்னானோ இல்லையோ, சொல்லக்கூடிய ஆளுதான். பேசின் கட்சிக்காரன் வேற. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு நம்ம பொண்ணுக்கு அந்த வீட்டுல நிம்மதி இருந்திருக்காது. அவ நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

அன்று காலைதான் பஞ்சவர்ணம் ஏறக்குறைய இதே வாக்கியத்தை ஓர் அமைச்சரின் அறிக்கையிலிருந்து தமிழாக்கியிருந்தாள். தேடிய இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லையாம், ஆனாலும் போருக்குப் போனது சரிதானாம், ஏனென்றால் அந்த மக்களின் நன்மைக்காகவாம். ஷபானாகூட மைக்கை மூடிவிட்டு, "இவனுங்களுக்கு வெக்கமே கிடையாதாடி?" என்று கேட்டிருந்தாள். தன் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார் என்று இவள் எப்படிச் சொல்வாள்? கோபத்தில் அன்று ரசத்தில் உப்பு போடவில்லை. ரத்னவேலும் கேட்காமல் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முன்னால் போய் நின்றாள். "சட்டையப் போடுங்க. உட்லண்ட்ஸ் போறோம்."

"நான் எதுக்கு அவன் வீட்டுப் படியேறணும்?"

"ஏறலைன்னா இந்த வீட்டுப் படியும் ஏற வேணாம்."

நிரஞ்சனா அறையிலிருந்து வெளியே வந்து, "நானும் வரேன். என் விஷயம்தானே?" என்றாள். ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறி உட்லண்ட்ஸ் போய்ச் சேரும் வரை ரத்னவேல் உதட்டை அசைத்து எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜேசுதாசன் கைலியோடு கதவைத் திறந்தார். "வா தங்கச்சி. வாம்மா நிரஞ்சனா." ரத்னவேலைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கதவையும் மூடவில்லை. உள்ளே ஜெய் சோபாவிலிருந்து எழுந்து நின்றான். நாலு நாள் தாடி, கண் உள்ளே போயிருந்தது.

உட்கார்ந்த உடனே ஆரம்பமாகிவிட்டது.

"போன்ல என்னை ஒத்துவராதவன்னு சொன்னியா இல்லையா?"

"நான் என் போன்ல பேசினா உனக்கு என்னடா?"

"அப்போ சொன்ன!"

"நீ ஒட்டுக்கேக்க ஆள் வச்சிருக்கியா? ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டியாடா?"

"கேட்டா உண்மையச் சொல்லியிருப்பியா?"

"அங்கிள்!" என்று ஜெய் குரலை உயர்த்தினான். "அப்பா பேசினது பேண்டு மாஸ்டர்கிட்ட. விருந்துக்கு பேண்டு வாத்தியம் சொல்லியிருந்தாரு. நீங்க நாதஸ்வரம் வச்சிருக்கீங்க, அது பக்கத்துல இது வாசிச்சா உங்களுக்குச் சங்கடமா இருக்கும், ஒத்துவராதுன்னு அதை நிறுத்தச் சொன்னாரு. அம்மா இருந்தப்போ ஆசைப்பட்ட பேண்டு, அங்கிள். உங்களுக்காக வேணாம்னாரு."

ரத்னவேலுக்கு முகம் செத்துப்போனது. இனிமேலாவது அடங்குவார் என்று பஞ்சவர்ணம் நினைத்தாள். அடங்கினால் அவர் ரத்னவேல் இல்லையே.

"அதை என்கிட்ட முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? சொல்லாதது யார் தப்பு?"

"ஓ, இப்போ அதுவும் என் தப்பா?"

"தப்பில்லையா பின்ன? அன்னைக்கு எனக்கிருந்த தகவலை வச்சுப் பார்த்தா..."

"முகாம்லயும் இப்படித்தான்டா நீ. கோழி வேகலன்னா அடுப்பு மேல பழி!"

"நீ குடுத்த பூட்ஸ் எவனுக்காவது சேர்ந்துச்சா?"

குரல் ஏறிக்கொண்டே போனது. ஆனால் இரண்டு பேர் முகத்திலும் களை வந்துவிட்டது. முந்தடி விழுந்த நாளிலிருந்து நேருக்கு நேர் இப்படிச் சண்டை போட முடியாமல் ஏங்கிக் கிடந்திருக்கிறார்கள் இரண்டு கிழங்களும். யார் ஆரம்பித்தது, எவன் பக்கம் நியாயம் என்று இப்படியே ராத்திரிச் சாப்பாடு வரை போகும் போலிருந்தது. பஞ்சவர்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து நாற்காலியில் நிரஞ்சனா இல்லை.

வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க பேசி முடிங்கப்பா" என்றாள், நிமிராமலே. "யாரு சரின்னு முடிவானதும் எனக்கும் சொல்லுங்க. இதுல என் பேரு ஒரு தடவைகூட வரல. எனக்கு இங்க என்ன வேலை?"

ஜெய் அவள் பின்னால் நாலடி போய், அதற்கு மேல் போகத் தெரியாமல் நின்றான்.

"என்னங்க" என்றாள் பஞ்சவர்ணம். "அவ போறா."

ரத்னவேல் வாயைத் திறந்தார். அந்த வாய்க்குள் என்னென்ன வரிசை கட்டி நிற்கிறது என்று பஞ்சவர்ணத்துக்கு மனப்பாடம். அன்றைய சூழ்நிலை, கிடைத்த தகவல், வேறு வழியில்லை, உங்கள் நன்மைக்காக. எல்லாம் அவள் தமிழாக்கிய சரக்குதான். அவர் மகளின் குனிந்த முதுகைப் பார்த்தார்.

"நான்தாம்மா ஆரம்பிச்சேன்."

ஜேசுதாசனுக்கு மறுத்துப் பேசிப் பழகிய தோஷம். "அதில்லடா, நானும் அன்னைக்குப் பேச்சுவாக்குல..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் பஞ்சவர்ணம்.

நிரஞ்சனா நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "இதைக் குரூப்ல சொல்லுங்கப்பா."

குரூப்பிலா? ஈப்போ சித்தப்பா கேட்கிற மாதிரியா? ரத்னவேல் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் உதவிக்கு வருகிற முகத்தோடு இல்லை. கைப்பேசியை எடுத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். அன்னைக்கு எனக்குக் கிடைச்ச தகவலின்படி..."

பஞ்சவர்ணம் எட்டிப் போனைப் பிடுங்கி அதை அழித்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள். இத்தனை வருடம் எத்தனையோ பெரிய மனிதர்கள் பேச்சைத் திருத்தியவள், இதைத் திருத்த மாட்டாளா?

இரண்டாவது தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ரத்னவேல் பேசறேன். ஜேசுதாசன் வேண்டாம்னு சொல்லல. சொல்லப்போகவும் இல்ல. யாரும் எங்களை அடிக்க வரல. நான்தான் அடிச்சேன். அடி எம் பொண்ணு மேல விழுந்துச்சு." அப்படியே அனுப்பிவிட்டார்.

நிரஞ்சனா சுவரைப் பிடித்துக்கொண்டு, மாட்டிய செருப்பைக் கழற்றினாள்.